நம்ம ஊர்ல மலை எங்க சார் இருக்கு? பள்ளிக் கல்விக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

கல்விக்குழுத் தலைவர் ஐயா அவர்களுக்கும் குழு உறுப்பினர்களுக்கும்,

பள்ளி திறந்த அன்று அலுவலக அறைக்கு வெளியே ஒட்டியிருந்த தாளைப் பார்த்துத்தான் எனக்கு விஷயமே தெரிந்தது. ஒன்று முதல் ஐந்து வரை ஓவிய வகுப்பு இனிமேல் கிடையாது. அதற்குப் பதில் பிள்ளைக்கு 180 ரூபாய் விலையில் கலர் அடிக்கும் புத்தகம் ஒன்று வாங்கப்படும், வகுப்பாசிரியரே அதைப் பார்த்துக்கொள்வார். ஆறு முதல் எட்டு வரை இருந்த இரண்டு ஓவிய பீரியடும் என்.எம்.எம்.எஸ் என்கிற உதவித்தொகைத் தேர்வுப் பயிற்சிக்குப் போகிறது. ஓவிய ஆசிரியர் புதன், வெள்ளி வரத் தேவையில்லை. ஆண்டு விழா மேடை அலங்காரத்துக்குத் தகவல் சொல்லி அனுப்பப்படும்.

பதின்மூன்று வருஷம் வேலை பார்த்தவனை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சரி, அது போகட்டும். நான் எழுதுவது அதற்காக இல்லை. நீங்கள் எதை நிறுத்துகிறீர்கள் என்பது உங்களுக்குத் தெரியாது என்று எனக்குத் தோன்றுகிறது. தெரிந்தே நிறுத்தினால் அது உங்கள் முடிவு. தெரியாமல் நிறுத்தினால், சொல்லாமல் விட்டது என் தப்பாகிவிடும்.

இது சம்பளப் பிரச்சினை என்று யாராவது பேசுவார்கள், அதையும் முதலிலேயே முடித்துவிடுகிறேன். ஊர்ப் பணத்திலிருந்து நீங்கள் தரும் மாதம் 6,000 ரூபாயில் என் வீட்டு அடுப்பு எரியவில்லை. கும்பாபிஷேக வேலை இருக்கிறது, கோபுரச் சுதைக்கு வர்ணம் தீட்ட ஆள் கிடைக்காமல் ஸ்தபதிகள் தேடுகிறார்கள். புயலுக்குத் தப்பிய தென்னை கொஞ்சம் இருக்கிறது. எனக்குப் பதில் வேறு ஒருவரை ஓவிய ஆசிரியராகப் போட்டால் சந்தோஷமாகச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகிறேன். ஆள் வேண்டாம், அச்சடித்த புத்தகம் போதும் என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

உங்களில் புதிதாகக் குழுவுக்கு வந்தவர்களுக்காக: நான் டிராயிங் லோயர், ஹையர் தேர்வுகளைப் பாஸ் செய்து, டி.டி.சி. என்கிற ஆசிரியர் பயிற்சியும் முடித்தவன். ஆலங்குடியில் சைன்போர்டு எழுதிப் பிழைத்தேன். ஃப்ளெக்ஸ் வந்தது, பிரஷ் பரணுக்குப் போனது. 2012-இல் அரசுப் பள்ளிகளுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை 5,000 ரூபாய் சம்பளத்தில் எடுத்தார்கள், அதில் எனக்கு இடம் கிடைக்கவில்லை. அப்போதைய குழுத் தலைவர், "ஊரே உங்களை வச்சுக்கும், வாங்க" என்று கூப்பிட்டார். அப்படித்தான் வந்தேன்.

வந்த முதல் இரண்டு வருஷம் நான் சொல்லிக்கொடுத்தது என்ன தெரியுமா? இரண்டு முக்கோண மலை. நடுவில் அரைவட்டச் சூரியன், சுற்றிலும் ஊசி ஊசியாகக் கதிர். மலையிலிருந்து இறங்கித் தாளின் அடியில் அகலமாகும் ஆறு. ஓரத்தில் குடிசை, பக்கத்தில் வளைந்த தென்னை, வானத்தில் ஆங்கில 'எம்' எழுத்து மாதிரி நாலு பறவை. நம்மில் யாரை நடுராத்திரி எழுப்பித் தாளைக் கொடுத்தாலும் இதைத்தான் வரைவோம். இதற்கு 'சீனரி' என்று பெயர். எனக்கு என் டிராயிங் மாஸ்டர் கொடுத்தார், நான் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். கரும்பலகையில் நான் போடப் போட, நாற்பது பிள்ளைகள் நாற்பது ஒரே மாதிரி மலை போட்டார்கள். அழகாகத்தான் இருந்தது. குழு உறுப்பினர்கள் வந்து பார்த்துப் பாராட்டினீர்கள்.

2014-இல் நாலாம் வகுப்புப் பெண் ஒருத்தி கையைத் தூக்கி, "சார், நம்ம ஊர்ல மலை எங்க சார் இருக்கு?" என்றாள்.

கிண்டல் இல்லை. நிஜமாகவே கேட்டாள். ஆலங்குடியிலிருந்து கிழக்கே கடற்கரை வரை போனாலும் மலை என்று சொல்ல ஒன்றுமில்லை. நம் ஊரில் சூரியன் தென்னந்தோப்புக்குப் பின்னாலிருந்து வருகிறது. ஆறு என்று இருப்பது மழைக்கு மட்டும் ஓடுகிற காட்டாறு. இதெல்லாம் எனக்குத் தெரியாததா? தெரியும். ஆனால் பென்சிலைக் கையில் எடுத்ததும் கண்ணை மூடிக்கொண்டு மலையைப் போட்டேன். அந்தப் பிள்ளைக்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. மறுவாரம் எல்லோரையும் பெரிய குளத்துக் கரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அன்றிலிருந்துதான் நான் ஓவிய ஆசிரியர். அதற்கு முன்னால் போர்டு எழுதுகிறவனாகத்தான் பள்ளிக்கூடத்திலும் இருந்தேன்.

நீங்கள் வாங்கியிருக்கும் புத்தகத்தின் மாதிரிப் பிரதியை அலுவலகத்தில் வாங்கிப் பார்த்தேன். முதல் பக்கத்தில் இரண்டு மலை, நடுவில் சூரியன். ஏழாம் பக்கத்தில் பனியில் செய்த பொம்மை மனிதன், கழுத்தில் மஃப்ளர். அதற்கு அடுத்து ஸ்ட்ராபெரி. கோடெல்லாம் கறுப்பில் அழுத்தமாக அச்சாகியிருக்கிறது. பிள்ளை செய்ய வேண்டியது ஒன்றுதான், கோட்டைத் தாண்டாமல் நிறம் நிரப்புவது. பக்கத்தின் மூலையில் எந்த இடத்துக்கு என்ன நிறம் என்றும் சின்னதாகப் போட்டிருக்கிறார்கள். ஆக, என்ன பார்ப்பது என்பதை அச்சகம் முடிவு செய்துவிட்டது. எப்படி வரைவது என்பதையும் அதுவே முடிவு செய்துவிட்டது. நிறமும் முடிந்தது. பிள்ளைக்கு மிச்சம் இருப்பது மணிக்கட்டு வலி.

என் வகுப்பில் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பதின்மூன்று வருஷத்தில் உங்களில் எவரும் ஒரு வகுப்பு முழுசாக உட்கார்ந்து பார்த்ததில்லை.

மூன்றாம் வகுப்புக்கு மேல் நான் பச்சை டப்பாவே கொடுப்பதில்லை. சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை. அவ்வளவுதான். கறுப்பும் கிடையாது. நிறம் கலக்கவும் தண்ணீர் வைக்கவும் கொட்டாங்குச்சி. நம் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. உருண்டுவிடாமல் இருக்க மணலில் அமுக்கி வைத்துக்கொள்வார்கள். பள்ளிக்கூடத்து வேப்பமரத்தைப் பார்க்கச் சொல்வேன். "இதுல எத்தனை பச்சை இருக்கு?" முதல் நாள் எல்லோரும் ஒன்று என்பார்கள். கிட்டப் போய், நிழலில் இருக்கும் இலையையும் வெயில் படும் இலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு நாலு, ஐந்து என்று ஏறும். ஒருவன் ஓடிவந்து, "சார், கொழுந்து பச்சையே இல்ல சார், செவப்பு" என்பான். தினமும் அந்த மரத்தடியில் சாப்பிடுகிறவன் அவன். ஒரு வருஷம் ஐந்தாம் வகுப்பு பதினேழு பச்சையைக் கலக்கி, துண்டுத் தாளில் பூசி, கயிற்றில் கட்டித் தொங்கவிட்டது. அடுத்து எருமை. எருமை கறுப்பு என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். கறுப்பு டப்பா இல்லையே. நீலத்தில் சிவப்பும் மஞ்சளும் சேர்த்துக் கலக்கிக் கலக்கி, முதுகில் வெயில் படும் இடம் நீலமாகவும் வயிற்றுப் பக்கம் மண் நிறமாகவும் இருப்பதை அவர்களே கண்டுபிடித்தார்கள்.

காசில்லாத மாதங்களில் கடை நிறமும் கிடையாது. செம்மண்ணைச் சலித்து, கருவேலம்பிசினைத் தண்ணீரில் ஊறவைத்துக் கலந்தால் அருமையான சிவப்பு. அடுப்புக்கரி கறுப்பு. மஞ்சள்தூள் மஞ்சள். மஞ்சள் பூசிய தாளில் ஒரு பையன் சுண்ணாம்புத் தண்ணீரைத் தொட்டு வைத்தான், அந்த இடம் சிவந்துவிட்டது. "ஆரத்தி!" என்று வகுப்பே கத்தியது. பக்கத்து வகுப்பிலிருந்து அறிவியல் டீச்சர் சத்தம் போட வந்தவர், நின்று அமிலம், காரம் என்று பத்து நிமிஷம் பாடம் எடுத்துவிட்டுப் போனார். அந்தத் தாளையும் செம்மண் தாளையும் வெயிலில் வைத்தோம். கொஞ்ச நாளில் மஞ்சள் வெளிறிப் போனது, செம்மண் அப்படியே இருந்தது. ஏன் என்று கேட்டார்கள். ஏன் என்று கேட்க வைப்பதற்குத்தானே பள்ளிக்கூடம்?

சின்ன வகுப்புகளுக்கு வேறு கணக்கு. அங்கே நான் எதுவும் சொல்லிக்கொடுப்பதில்லை என்பதே உண்மை. தாளைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை வானத்தைத் தாளின் மேல் ஓரத்தில் ஒரு நீலக் கோடாகப் போடும், தரையைக் கீழே ஒரு கோடாகப் போடும், நடுவில் ஒன்றுமிருக்காது. கேட்டால், "வானம் மேலதான சார் இருக்கு?" என்று நம்மையே கேட்கும். பஸ் போட்டால் நாலு சக்கரமும் தெரியும், உள்ளே இருப்பவர்கள் கால் வரைக்கும் தெரிவார்கள். அப்பத்தா வீட்டைவிட உயரமாக இருப்பார். இவையெல்லாம் தப்பு என்று சிவப்பு மையால் அடித்த ஆசிரியர்கள் நம் பள்ளியில் இருந்தார்கள். ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் பிறந்து அமெரிக்காவில் வேலை பார்த்த விக்டர் லோவன்ஃபெல்ட் என்ற கலைக்கல்வி அறிஞர், பிள்ளைகளின் ஓவியம் வயசுக்கு வயசு எப்படி மாறுகிறது என்று படிப்படியாகப் பிரித்து 1947-லேயே எழுதிவைத்தார். கிறுக்கல் ஒரு படி, தரைக்கோடு வருவது ஒரு படி. குழந்தை தவழ்ந்து, தத்தி, நடப்பது மாதிரிதான். தவழ்கிற பிள்ளையை யாரும் தப்பு என்று அடிப்பதில்லை. கலர் அடிக்கும் புத்தகம் கூடவே கூடாது என்று அழுத்திச் சொன்னவரும் அவர்தான். அச்சடித்த பறவையைக் கண்ட பிள்ளைக்குத் தன் பறவை மட்டமாகத் தெரிய ஆரம்பித்துவிடும் என்பது அவர் கவலை. நான் அதைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, கண்ணால் பார்த்தேன். டியூஷனில் அப்படிப்பட்ட புத்தகம் வைத்திருக்கும் பிள்ளைகள் வெள்ளைத் தாளைக் கொடுத்தால் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். "எனக்கு வரையத் தெரியாது சார், நீங்க போட்டுக் குடுங்க, நான் கலர் அடிக்கிறேன்." ஆறு வயசுப் பிள்ளை சொல்கிற வார்த்தை இது.

குழு உறுப்பினர் ஒருவர் முன்பு என்னிடம், "யானையை நீலமா அடிச்சிருக்கான், நீங்க பார்த்துக்கிட்டு இருந்தீங்களா?" என்று கேட்டார். கேட்டது நியாயம்தான், நானும் அந்தப் பையனிடம் கேட்டேன். "கருப்பு கிரையான் ஒடஞ்சு போச்சு சார்" என்றான். எல்லாவற்றுக்கும் ஆழமான காரணம் இருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்த யானையின் தும்பிக்கை நுனியை அவன் போட்டிருந்ததைப் பாருங்கள். கோயில் யானையிடம் காசு கொடுத்தபோது கையில் பட்ட அந்த ஈர நுனி அப்படியே இருந்தது. உறுப்பினர் நீலத்தை மட்டும் பார்த்தார்.

பெரியவர்களும் பார்ப்பதில்லை என்பதற்கு இன்னொன்று. குளமங்கலம் அய்யனார் கோயில் குதிரை நம் எல்லோருக்கும் தெரியும். 33 அடி. மாசிமகத்துக்கு ஆயிரக்கணக்கில் காகித மாலை போட்டுக் குதிரையே தெரியாமல் மூடுவோம். பிறந்ததிலிருந்து பார்க்கிறோம். ஒரு வருஷம் ஏழாம் வகுப்பில், மனசில் இருப்பதைக் கொண்டு அதை வரையச் சொன்னேன். முன்னங்காலைப் பற்றி ஆளுக்கொரு அபிப்பிராயம். வீட்டில் போய்க் கேட்டு வந்தார்கள், அப்பாக்களுக்குள்ளும் ஒத்துப்போகவில்லை. மாசிமகம் கழிந்து மாலைகளை எடுத்த பிறகு சைக்கிளில் போய்ப் பார்த்து வரைந்து வந்தார்கள். ஒருவன் காலை மட்டும் நாலு தாளில் வரைந்திருந்தான். அவன் இப்போது அறந்தாங்கியில் ஒரு லேத் பட்டறையில் இருக்கிறான். எந்தச் சாமானைக் கொடுத்தாலும் ஒருமுறை பார்த்துப் படம் போட்டுவிடுவதாக முதலாளி சொல்கிறார். ஓவியம் படித்தால் எல்லோரும் ஓவியராக வேண்டியதில்லை.

கஜா புயல் வந்தது 2018 நவம்பர் 16 விடிகாலை. அதைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, எல்லோர் தோப்பும் சாய்ந்தது. கரண்ட் இல்லாமல், ஓடு இல்லாமல், பள்ளிக்கூடம் மறுபடி திறந்தபோது பாடம் நடத்த யாருக்கும் மனசில்லை. நான் தாளைக் கொடுத்தேன். புயலை வரையுங்கள் என்று சொல்லவில்லை. தாள் என்றால் புதுத் தாள் இல்லை, ஆடி மாதத்து மொய்விருந்து அழைப்பிதழ்களின் பின்பக்கம். ஒரு பக்கம் எத்தனை பேர் சேர்ந்து விருந்து வைக்கிறார்கள் என்ற பட்டியல், மறுபக்கம் விழுந்த தென்னை. அந்தத் தாள்களை நான் இன்னும் வைத்திருக்கிறேன், வந்தால் காட்டுகிறேன்.

ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் மரமெல்லாம் ஒரே திசையில் விழுந்து கிடப்பதாக வரைந்து, இரண்டு மரத்தை மட்டும் எதிர்த் திசையில் போட்டிருந்தான். தப்பாகப் போட்டுவிட்டான் என்று நினைத்து, ஏன்டா என்றேன். "முதல்ல ஒரு பக்கமா அடிச்ச காத்து அப்புறம் நின்னு திரும்பி அடிச்சுதுல்ல சார், இது ரெண்டும் அப்ப விழுந்தது" என்றான். பத்து வயசுப் பையன். வருவாய்த் துறைக் கணக்கெடுப்பில்கூட அந்த விவரம் இருந்திருக்காது. இன்னொரு பெண், அதுவரை தென்னை ஓலையைக் குடை மாதிரி போட்டுக்கொண்டிருந்தவள், அன்று மட்டை மரத்தில் எப்படிச் செருகியிருக்கிறது, பன்னாடை எப்படிச் சுற்றிப் பிடித்திருக்கிறது என்று அச்சாக வரைந்திருந்தாள். தென்னையின் தலை அவள் கண்மட்டத்துக்கு வந்தது அந்த ஒருமுறைதான். அவள் அதைத் தவறவிடவில்லை. அந்தப் படத்தைப் பார்த்து அவள் அப்பா என் முன்னால் அழுதார். அவர் இன்று உங்கள் குழுவில் இருக்கிறார், பெயர் சொல்லவில்லை.

அந்தப் படங்களிலிருந்துதான் 2019-இல் வராந்தாச் சுவர் ஓவியம் பிறந்தது. பதினெட்டு அடி நீளம். இருபத்து மூன்று பிள்ளைகள். சுண்ணாம்பு அடித்து, செம்மண், மஞ்சள் காவி, கரி, துணிக்குப் போடும் நீலம் இவற்றை மட்டும் வைத்து, சனி ஞாயிறு வந்து தீட்டினார்கள். சாய்ந்த தோப்பு, நடுவில் நட்ட கன்றுகள். கடை பெயிண்ட் ஒரு டப்பாகூட இல்லை. இந்த மே மாதம் விடுமுறையில், யாரிடமும் சொல்லாமல், அதன்மேல் ரோஸ் நிற டிஸ்டெம்பர் அடித்து, டிவியில் வரும் பொம்மைகளை ஒப்பந்தக்காரரை வைத்து வரைந்திருக்கிறீர்கள். ஜூனில் வந்து பார்த்த எட்டாம் வகுப்புப் பிள்ளைகள், "எங்க அக்கா போட்ட மரம் எங்க சார்?" என்று கேட்டார்கள்.

தஞ்சைப் பெரிய கோயிலில் கருவறையைச் சுற்றிவரும் உள்பாதையில் சோழர் காலத்து ஓவியத்தின்மேல் நாயக்கர் காலத்தில் புது ஓவியம் தீட்டிவிட்டார்கள். மேல் பூச்சு உதிர்ந்த இடத்தில், அடியில் சோழர் ஓவியம் இருப்பதை 1931-இல் எஸ்.கே. கோவிந்தசாமி என்ற வரலாற்று ஆய்வாளர் கண்டார். நாயக்கர்களாவது மேலே சொந்தமாக ஓவியம்தான் தீட்டினார்கள். நாம் டிவிப் பொம்மை ஒட்டினோம்.

பழசைப் பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். 2023-இல் இரண்டு வேனில் பிள்ளைகளைச் சித்தன்னவாசல் குடைவரைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனோம். வேன் வாடகைக்கு நீங்கள்தான் பணம் கொடுத்தீர்கள், நன்றி மறக்கவில்லை. கூரையில் தாமரைக்குளம். மீன், பறவை, மாடு, யானை எல்லாம் ஒரே தண்ணீரில். இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி அண்ணாந்து பார்த்து, "தண்ணிக்குள்ள இருக்கிற மீனு எப்படி சார் தெரியுது? நம்ம பஸ்ஸு மாதிரியா?" என்றாள். நாலு சக்கரமும் தெரிகிற பஸ்ஸைச் சொல்கிறாள். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஓவியனும் அவளும் ஒரே கட்சி. சுண்ணாம்பு வெள்ளை, கரிக் கறுப்பு, காவி என்று அங்கே இருக்கும் நிறங்கள் பலவும் நம் கொட்டாங்குச்சியில் இருப்பவைதான் என்று சொன்னதும் பெரிய பிள்ளைகளுக்கு ஒரே பெருமை. அந்தக் குடைவரையைப் பாண்டியர் காலத்தில், 9-ஆம் நூற்றாண்டில் புதுப்பித்தவர் பெயரைக் கல்வெட்டு 'மதிரை ஆசிரியன் இளங்கௌதமன்' என்கிறது. "ஆசிரியன்னா, சாரா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். நம் மாவட்டத்தில் இப்படி ஒன்றை வைத்துக்கொண்டு பனிப் பொம்மைக்குக் கலர் அடிக்கச் சொல்கிறோம்.

செலவு அதிகம் என்று பேசப்பட்டதாகக் கேள்விப்பட்டேன். ஒன்று முதல் ஐந்து வரை 112 பிள்ளைகள். தலைக்கு 180 என்றால் 20,160 ரூபாய். போன வருஷம் மொத்தப் பள்ளிக்கும் நான் வாங்கிய போஸ்டர் கலர், பிரஷ், தாள் எல்லாம் சேர்த்து 8,740 ரூபாய். பில் அலுவலகத்தில் இருக்கிறது. புத்தகம் ஒரு வருஷத்தில் தீரும். பிரஷ் தீராது, தண்ணீரில் நிற்க வைத்து நுனியை வளைக்காமல் கழுவிப் படுக்கவைத்தால். அதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஆசிரியர் மேசையில் பேனாவைக்கூட அவ்வளவு ஒழுங்காக யாரும் வைப்பதில்லை.

என்.எம்.எம்.எஸ் பயிற்சிக்கு நான் எதிரி இல்லை. தேர்வானால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து வருஷம் 12,000 ரூபாய். நம் ஊர்ப் பிள்ளைக்கு அது பெரிய பணம். அந்தத் தேர்வில் மனத்திறன் பகுதிக்கு 90 கேள்வி. கண்ணாடியில் தெரியும் உருவம், மடித்து வெட்டிய தாள், விடுபட்ட படம் என்று அதில் எத்தனை வருகிறது என்று பயிற்சி எடுக்கும் ஆசிரியரையே கேளுங்கள். அதனால் ஓவியம் வேண்டும் என்று நான் வாதாட மாட்டேன். தேர்வுக்கு உதவினால்தான் ஓவியத்துக்கு இடம் என்று ஒத்துக்கொண்டால், உதவாத வருஷம் மறுபடி தூக்கிவிடுவீர்கள். பயிற்சி எட்டாம் வகுப்புக்குத்தானே? ஆறும் ஏழும் ஏன் சேர்ந்து போகிறது என்பதுதான் என் கேள்வி.

சட்டத்தைக் காட்டிப் பயமுறுத்தவும் எனக்கு வழியில்லை. 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம், ஆறு முதல் எட்டு வரை நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் கலைக்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்கிறது. நம் பள்ளியில் அந்த வகுப்புகளில் நூறு பேர் இல்லை. ஆகவே உங்களை யாரும் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் உங்கள் கூட்ட அறையில் காந்தி படம் மாட்டியிருக்கிறது. தன் கையெழுத்து மோசமானதற்கு அவர் கடைசிவரை வருத்தப்பட்டார். பிள்ளைகளுக்கு எழுத்துக்கு முன்னால் வரையக் கற்றுக்கொடுக்க வேண்டும், பூவையும் பறவையையும் பார்த்து வரைந்த பிறகுதான் எழுதப் பழக்க வேண்டும் என்று தன் வாழ்க்கைக் கதையிலேயே எழுதியிருக்கிறார். அடுத்த கூட்டத்தில் அவர் படத்துக்குக் கீழே உட்கார்ந்துதான் இதை முடிவு செய்யப் போகிறீர்கள்.

நான் கேட்பது இவ்வளவுதான். ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு எந்தக் காரணத்துக்காகவும் கலர் அடிக்கும் புத்தகம் வேண்டாம். வெள்ளைத் தாளும் கிரையானும் போதும், ஆசிரியர்கூட வேண்டியதில்லை. மூன்று முதல் ஏழு வரை வாரம் இரண்டு பீரியடு, அதுவும் சேர்ந்தாற்போல் வேண்டும். நாற்பது நிமிஷத்தில் நிறம் கலக்கி, தீட்டி, கொட்டாங்குச்சி கழுவி வைக்க முடியாது. எட்டாம் வகுப்புக்குத் தேர்வு முடியும்வரை விட்டுக்கொடுக்கிறேன், முடிந்ததும் திருப்பிக் கொடுங்கள். ஆண்டு விழாத் தோரணத்துக்கும் தெர்மாகோல் வெட்டுவதற்கும் ஓவிய பீரியடை எடுக்காதீர்கள். அந்த வேலையைச் சனிக்கிழமை நானே வந்து செய்து தருகிறேன். மூன்றாம் வகுப்புக்குக் கீழே ஓவியப் போட்டி வைத்து முதல் பரிசு, இரண்டாம் பரிசு கொடுப்பதை நிறுத்துங்கள்.

வராந்தாச் சுவரைப் பற்றி: டிஸ்டெம்பரை ஓர் அடி இடத்தில் மெதுவாகச் சுரண்டிப் பார்க்க எனக்கு அனுமதி கொடுங்கள். அடியில் இருப்பது மிஞ்சியிருந்தால் மெல்ல மெல்ல எடுத்துவிடலாம், அந்தப் பிள்ளைகளில் சிலர் உதவிக்கு வருகிறேன் என்கிறார்கள். போயிருந்தால், கழிப்பறைப் பக்கம் இருக்கும் மதில்சுவரைக் கொடுங்கள். இனிமேல் பிள்ளைகள் தீட்டிய எந்தச் சுவரையும் அவர்களைக் கேட்காமல் அழிக்கக் கூடாது என்று ஒரு தீர்மானம் போடுங்கள்.

எனக்குப் பதில் வேறு ஓவிய ஆசிரியரைப் போடுவதானால் போடுங்கள். கஜா தாள்கள், அழைப்பிதழ்க் கட்டு, பிரஷ் பெட்டி எல்லாவற்றையும் அவரிடம் கணக்குப் பார்த்து ஒப்படைக்கிறேன்.

குழுக் கூட்டம் ஜூலை முதல் ஞாயிறு என்று அறிந்தேன். அதற்கு முன்பு ஒரு புதன்கிழமை, மதியத்துக்கு மேல், உங்களில் இரண்டு பேராவது நாலாம் வகுப்பில் வந்து உட்காருங்கள். நான் சம்பளம் இல்லாமல் வந்து வகுப்பு எடுக்கிறேன். உங்களுக்கும் ஒரு தாளும் கொட்டாங்குச்சியும் உண்டு. கூட்டம் முடிந்ததும் பதிலை எழுத்தில் கொடுங்கள்.

புத்தகக் கட்டுகள் ஸ்டோர் ரூமில் பிரிக்காமல் இருக்கின்றன. பிரிக்காதவரை திருப்பி எடுத்துக்கொள்வதாகக் கடைக்காரர் என்னிடம் சொல்லியிருக்கிறார். கூட்டம் முடியும்வரை கட்டைப் பிரிக்க வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் பள்ளியின் ஓவிய ஆசிரியர்